செத்த காலுக்கு வலி ஏது?

சொட்டு மருந்து எங்கள் பக்கம் எட்டாத காலம். சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி காயவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரக் காய்ச்சல் விட்டபோது என் நாலு வயது மகளின் வலது கால் துவண்டுபோயிருந்தது.

சாத்தூரில் எலும்பு வைத்தியர் ஒருவர் நீவி நரம்பை எடுத்துவிடுவார் என்றார்கள். வாராவாரம் தூக்கிப் போனேன். அவள் முதுகில் தன் முழங்காலை ஊன்றி, காலை முறுக்கி இழுப்பார். நான் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவள் அழவே மாட்டாள். செத்த காலுக்கு வலி ஏது என்றிருந்தேன், மடையன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "இளம்பிள்ளைவாதத்துல அசைவுதான்யா போகும். வலியெல்லாம் நல்லாத் தெரியும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "ஏந்தாயி, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"அளுதா கால் வராதுன்னு நீங்கதானப்பா சொன்னீக."

கால் வரவேயில்லை. இன்றுவரை அவள் என் முன்னால் அழுததுமில்லை.