கோட்டைக்காரனின் மனைவி

நடந்தது, வரிசைப்படி:

1. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அரியலூர் வீட்டில், ஒரு பழைய ரத்தக்காட்டேரிப் படவரிசையின் ஒன்பதாவது படத்தை அப்பாவுடன் பார்த்தேன்.
2. எட்டாவது படம் வந்து வெகுகாலம் கழித்து எடுத்த படம் அது. மோசமான படம்.
3. முதல் எட்டையும் நான் பள்ளியில் படித்தபோது ஆங்கிலத்தில் பார்த்திருந்தோம். ஒன்பதாவது தமிழில் பேசியது.
4. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எட்டுப் படங்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தமிழில் சொன்னேன்.
5. சொன்னதில் பெரும்பகுதி நானே கட்டியது.
6. அது அன்றைக்கு அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஆறோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அப்பா சிமெண்ட் ஆலையில் கல் உடைக்கும் பிரிவில் ஷிப்டு வேலை பார்த்தவர். என்னை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றினார். எங்கள் தெருவில் அப்படிப் போன முதல் பிள்ளை நான். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். நான் சொல்வதுதான் அதில் இருப்பது. அப்பா ஒருமுறைகூட வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்ததில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது, ஆலையில் கூட வேலை செய்த ஒருவர் எட்டு டிவிடிகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். முதல் படத்தில் மூடுபனி, குதிரை வண்டி, மலைமேல் கோட்டை. உயரமான ஒருவன் படியிறங்கி வந்து விருந்தாளியிடம் நீளமாகப் பேசினான். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்னா சொல்றான் பாப்பா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளியில் டீச்சர் பேசும் ஆங்கிலமே பாதிதான் புரியும். அவன் பேசியதில் மனைவி என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"செத்துப்போன பொண்டாட்டிய தேடுறானாம்பா."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடப்பாவி. அதுக்காவா இப்புடித் திரியிறான்?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரத்தங் குடிக்கிறவனுக்கு என்னாடி பொண்டாட்டி? எவ குடும்பம் நடத்துனாளாம்?"

"நீ சும்மா இரு. புள்ள இங்கிலீஷ்ல கேட்டு சொல்லுது."

அப்பாவின் வார ஓய்வு நாளில் ஒரு படம் என்று எட்டு வாரம் பார்த்தோம். முன்னால் சொன்னதும் பின்னால் சொல்வதும் இடிக்காமலிருக்க ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அவன் எந்தப் பெண்ணைக் கடிப்பதற்கு முன்னும் அவளது இடது கையைப் பார்ப்பான்; மனைவியின் இடது கையில் தீக்காயம் இருந்தது. குழந்தைகளைத் தொட மாட்டான். ஓடும் தண்ணீரைத் தாண்ட மாட்டான். அவனுடைய தம்பி ஆற்றில் மூழ்கிப் போனவன். இப்படிப் பன்னிரண்டு விதிகள். அப்பா அவனுக்குக் கோட்டைக்காரன் என்று பெயர் வைத்தார். டீ இடைவேளையில் ஷிப்டுக்கே கதை சொன்னார். எட்டாவது படத்தில் அவன் சாம்பலாகிப் போனபோது, "அவ இன்னும் கெடைக்கலப்பா, அடுத்த படத்துல கெடைப்பா" என்று முடித்து வைத்தேன்.

அம்மா இறந்த பிறகு, வருடத்துக்கு ஒருமுறையாவது அப்பா கேட்பார். "அடுத்த படம் வந்துச்சா பாப்பா?" வரவில்லை என்பேன். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான் டிப்ளமோ முடித்துப் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையின் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கி, ஞாயிறுதோறும் அரியலூர் வந்து போகிறேன். அந்த ஞாயிறு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கேபிள்காரர் மாற்றிக் கொடுத்த புதுப் பெட்டியில் அந்த ஒன்பதாவது படம் தமிழில் இருந்ததாம். கல் உடைக்கும் பிரிவில் கூட இருந்த நண்பரையும் அழைத்திருந்தார். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். கதை முழுக்க டீ இடைவேளைகளில் கேட்டவர்.

"வா வா. உன் காட்டேரி இப்ப தமிழ் கத்துக்கிட்டானாம்" என்றார் மாமா. "உனக்கு இன்னிக்கு லீவு."

படம் தொடங்கியது. கோட்டை இல்லை, பனி இல்லை. ஏதோ ஒரு பெரிய நகரம், மோட்டார் சைக்கிள்கள், காதைக் கிழிக்கும் பாட்டு. அதே நடிகர்தான், முகத்தில் அப்பிய மாவையும் மீறி வயது தெரிந்தது. மொத்தப் படத்திலும் அவர் வந்தது கால் மணி நேரம் இருக்காது. நின்ற இடத்திலேயே நின்றார், 'முடிந்தது, போகலாம்' என்று யாரோ சொல்வதற்குக் காத்திருப்பவர் போல. தமிழ் டப்பிங்கில் இன்ஸ்பெக்டராக வந்தவருக்குப் பேசிய அதே குரல்தான் அவருக்கும்.

முதல் பெண்ணைக் கடித்தபோது அவன் கையைப் பார்க்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சிறுவனைக் கடித்தான். பாலத்தின் மேல் சாதாரணமாக நடந்து ஆற்றைத் தாண்டினான்.

"என்னாய்யா இது" என்றார் மாமா. "தண்ணியத் தாண்ட மாட்டான்னு சொன்ன, டவுன்பஸ்ஸுல வர்றவனாட்டம் வர்றான்!"

"புதுசா எடுத்தவன் மாத்திட்டான் போலருக்கு" என்றார் அப்பா.

நானும் ஆமாம் என்றேன். கடைசிக் காட்சியில் ஒரு பெண் அவனிடம் கேட்டாள், நீ யாரையாவது நேசித்ததுண்டா என்று. அவன் தெளிவான தமிழில் சொன்னான்: "எனக்கு மனைவி இருந்ததில்லை. முந்நூறு வருடமாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்லி வருகிறேன்." விடிந்ததும் லிப்ட் கதவு திறந்து வெயில் பட்டுச் செத்தான்.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "யோவ், பொண்டாட்டிய தேடுறான்னு ஷிப்டு பூரா அழ வச்சியே! இவன் கல்யாணமே ஆவாதவனாம்! உன் பொண்ணு உனக்குத் தனிப்படம் எடுத்திருக்குய்யா!"

அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். மாமா காபி குடித்துவிட்டுப் போனார். டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வந்து, நடந்ததைச் சொன்னேன். எனக்கு அப்போது ஆங்கிலம் புரியாது, எட்டுப் படமும் நானாகச் சொன்னது, மன்னிச்சுருங்கப்பா என்று. படம் தானே, போகட்டும் என்பார் என்று நினைத்தேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே பாப்பா" என்றார். டிவி அணைந்திருந்தது. பிறகு கேட்டார்.

"அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டு படிச்சியே. அதுல போட்டுருந்ததத்தான் சொன்னியா?"

நான் அப்போது பத்தாவது. அம்மாவுக்கு வயிற்றுவலி. அப்பா ஷிப்டு முடிந்து ஸ்கேன் செய்த இடத்தில் கவரை வாங்கி நேராக என்னிடம் கொடுத்தார். உறுப்புகளின் பெயர்கள் தெரிந்தன. பெரும்பாலானவற்றுக்கு எதிரே நார்மல் என்றிருந்தது. கடைசி வரியில் இரண்டு சொற்கள் தெரியவில்லை. "எல்லாம் நார்மல்தான்பா போட்டுருக்கு" என்றேன். ஆலையில் வருடாந்திர ஷட்டவுன் தொடங்கியிருந்தது. சூளையை நிறுத்திப் பழுது பார்க்கும் அந்த நாட்களில் யாருக்கும் லீவு கிடையாது. நார்மல்தானே, ஷட்டவுன் முடியட்டும், டாக்டரைப் பார்க்கலாம் என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள். இருபத்து மூன்று நாள் கழித்துப் போனார்கள். டாக்டர் அன்றே திருச்சிக்கு அனுப்பினார். அடுத்த வருடம் அம்மா இல்லை.

அப்பா கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காகிதம் இப்போது வீட்டில் இல்லை.

"ரெண்டு வார்த்த தெரியலப்பா. விட்டுட்டு மத்தத சொன்னேன்."

"தெரியலன்னு சொல்லிருக்கலாமே பாப்பா."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஐந்தரை பஸ்ஸுக்கு என்னை நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார், எப்போதும் போல ஜன்னலோர இடம் பார்த்து உட்காரச் சொன்னார்.

அந்த இரண்டு சொற்களையும் இப்போது என் வேலையில் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். இருபத்து மூன்று நாளில் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்க என்னைச் சுற்றி டாக்டர்கள் இருக்கிறார்கள். கேட்கவில்லை.

இப்போதைய நிலை இது. ஞாயிறுதோறும் போகிறேன். அப்பா மீன் வாங்கி வைக்கிறார், வேலையைப் பற்றி விசாரிக்கிறார். போன வாரம் அவருடைய சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. நான் கூடத்தில் இருந்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.