தீக்குச்சிக் கட்டில்

சின்னச் சாமான் செய்வதில் எனக்குக் கைராசி. நத்தாருக்கு எங்கள் கோவில் பாலன் குடிலை நான்தான் செய்வேன். பெத்லகேமுக்கு ஒருமுறை எங்கள் ஊர்த் தென்னோலைக் கிடுகு வேலி வைத்தேன். பாதர் சிரித்தாரே தவிர, கழற்றச் சொல்லவில்லை. அதனால் யுத்தம் முடிந்தபின் கொழும்பிலிருந்து ஒரு படக்குழு வந்து, வாகரைப் பக்கத்துக் கடற்கரைத் தெருவொன்றைச் சிறிதாகச் செய்து தர முடியுமா என்று கேட்டபோது, யோசிக்காமல் ஓம் என்றேன்.

குருக்கள்மடத்தில் மூடிக்கிடந்த ஒரு நெல் ஆலையின் முற்றத்தில் தொட்டி கட்டியிருந்தார்கள். தெருவை அதற்குள் வைத்து, தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, சுனாமியைப் படம் பிடிப்பார்கள்.

"ஒரு வீடும் மிஞ்சக் கூடாது" என்றார் டைரக்டர்.

"மிஞ்சாது. நான் பொறுப்பு" என்றேன்.

உடைவதற்கென்று வீடு கட்டுவது தனி வித்தை. பிளாஸ்டரில் மரத்தூள் கலந்து சுவர் வார்க்க வேண்டும். காய்ந்ததும் உள்பக்கம் கத்தியால் கீறிவிட்டால், அந்தக் கோட்டில்தான் பிளக்கும். ஓடுகளைக் களிமண்ணில் ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்தேன். கோழி இறகைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துத் தென்னோலை ஆக்கினேன். லைட்காரர் ஒருவர் குனிந்து, என் கிணற்றுக்குள் தண்ணீர் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பார்க்கத்தானே வேண்டும்!

உதவிக்கு அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். அவர் வாகரையில் மீன் பிடித்தவர். கடல் வந்த காலையில் சந்தைக்குப் போயிருந்தார். காய்ச்சலில் கட்டிலில் கிடந்த அண்ணியை வீட்டோடு கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு அவர் தோணியில் ஏறவேயில்லை. சுனாமி வீட்டுத்திட்டங்களில் மேசன் வேலை பழகினார். தெருவில் தன் வீட்டைத் தானே செய்வதாகச் சொன்னார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

தீக்குச்சியில் ஒரு கட்டில் வேண்டும் என்றார்.

"உள்ளுக்க கமரா போகாது அண்ணன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"நீ செய்து தாகா, தங்கச்சி."

செய்து கொடுத்தேன். அதை அவரே உள்ளே வைத்து ஒட்டினார்.

தண்ணீரைத் திறந்தார்கள். என் வீடுகள் நான் கீறிய கோட்டிலேயே பிளந்து, ஓடு ஓடாகச் சிதறின. பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தண்ணீர் வடிந்தது. நடுவில் ஒரு வீடு மட்டும் நின்றது.

டைரக்டர் கத்தத் தொடங்கினார். நான் தொட்டிக்குள் இறங்கி அந்தச் சுவரைத் தட்டினேன். மேலே சுண்ணாம்பு, உள்ளே சீமெந்து! கூரைக்குக் கீழே சுற்றிவரக் கம்பி வைத்துக் கொங்கிறீட் பெல்ட்டும் போட்டிருந்தார் அண்ணன். சுனாமிக்குப் பிறகு அவர் கட்டிய வீடு எதற்கும் பெல்ட் இல்லாமல் கூரை ஏற்றியதில்லை.

"என்ன வேலை இது அண்ணன்? உடையத்தானே கட்டச் சொன்னது!"

"அதத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த டேக்குக்கு உடையிறது ஒண்ணு வைங்க" என்றார் டைரக்டர்.

வீட்டைத் தூக்கக் கை வைத்தேன். அண்ணன் ஈரத்தில் முழந்தாளிட்டு, ஜன்னலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டில் கிடந்த இடத்திலேயே கிடக்கு, தங்கச்சி" என்றார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. கையை எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் சொன்னேன்: "மற்ற வீடெல்லாம் திரும்பச் செய்து தாறன். இது நிக்கட்டும். வாகரையிலயும் ஒண்டு ரெண்டு நிண்டதுதான்."

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு, மற்ற வீடுகளுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்.

படத்தில் தெரு முழுவதும் போனபிறகும் அந்த வீடு நிற்கிறது. உள்ளே கட்டில் இருப்பது அண்ணனுக்கும் எனக்கும் தெரியும்.