ஸ்டேஷன் வீடு நீங்கலாக

புதன்கிழமை காலை ரொட்டிக்கடைக்குள் எர்சிலியா நுழைந்ததும் பேச்சு நின்றது. கடைக்காரி அவள் முகத்தைப் பார்க்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாசல் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "அந்தப் புள்ளைங்களைத் தெருவுல நிறுத்திட்டு இவ ரொட்டி வாங்க வந்துட்டா" என்றது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லோஸ் தேரோஸ் சின்ன ஊர். குரலை வைத்தே ஆளைத் தெரியும்.

மாகாணத் தலைநகரிலிருந்து நில்தா குஃப்ரேவுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. கைவிடப்பட்ட ஸ்டேஷன் கட்டடத்தில் அவள் குடும்பம் அனுமதி இல்லாமல் குடியிருப்பது தெரிய வந்திருக்கிறது, வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து பார்ப்பார், அதன்பின் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று போட்டிருந்தது. அவர்களுக்கு அது தெரிய வந்தது எர்சிலியா மூலமாக.

எர்சிலியா லரால்தே பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. வயது ஐம்பத்து நான்கு. கணவன் ஓமார் அறுவடைக் காலத்தில் தானிய லாரி ஓட்டுவான், மற்ற நாளில் அதைப் பழுது பார்ப்பான். புத்தகம் எழுதுகிற வம்சம் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, புல் மூடிக் கிடந்த தண்டவாளத்தைப் பழைய இரும்புக்காரர்கள் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் இருங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டே போஸ் கொடுத்தார்கள். அந்தப் பாதையின் கதையைச் சேகரிக்கிற வேலை அன்று ஆரம்பித்தது. ரயில் நின்றுபோனது ராணுவ ஆட்சிக் காலத்தில். அந்தக் கிளைப் பாதையில் இருந்த ஐந்து ஊர்களிலும் அவள் ஏறாத வாசல் இல்லை. முதல் தடவை போகும்போது கேள்வியே கேட்கமாட்டாள். சீமைமாதுளை ஜாம் வைத்த கேக் செய்து எடுத்துப் போவாள், நாயைத் தடவிக் கொடுப்பாள், திரும்பிவிடுவாள். இரண்டாம் தடவை அவர்களே ஆரம்பிப்பார்கள். பால் கேன்கள் பிளாட்பாரத்தின் எந்தக் கோடியில் நிற்கும், யார் பெண்டாட்டி யாரோடு மூன்றாம் வகுப்பில் ஏறிப் போனாள், எல்லாம் வரும். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகள் எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லோரும் சிரிப்பார்கள். கெப்ராச்சோ மரம், நின்று எரியும். "பாதியைப் போட்டுக் கறி சுட்டுத் தின்னாச்சு, அதையும் எழுதிக்கோ" என்பார்கள். அவள் அதையும் எழுதினாள்.

அதுதான் சிக்கல். அவள் எல்லாவற்றையும் எழுதுகிறவள்.

பழைய ஸ்டேஷன்களைப் பாதுகாக்கிற அலுவலகம் ஒன்று கூரைக்குப் பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு, ஒவ்வொரு கட்டடமாக எழுதிப் படத்தோடு அனுப்பினாள். தண்ணீர்த் தொட்டிக்கு நேரே, துருப்பிடித்திருக்கிறது. ஸ்டேஷன் வீட்டுக்கு நேரே, பெருவெள்ளம் வந்த வருஷத்திலிருந்து குஃப்ரே குடும்பம் குடியிருக்கிறது, கூரை ஒழுகுகிறது, சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வது காட்டிக்கொடுப்பதாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நில்தாவின் கூரைக்காகத்தான் அந்த வரியைக் கொஞ்சம் அழுத்தியும் எழுதியிருந்தாள்.

மத்தியானம் ஓமார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான். "போய்ப் பாத்தியா அவளை?"

"என்னன்னு போய் நிக்கறது?"

"எழுதறதுக்குப் போய் நின்னேல்ல? அதே மாதிரிதான்."

போனாள். நில்தா பிளாட்பாரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கெண்டியிலிருந்து சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றினாள், உறிஞ்சினாள், மறுபடி தனக்கே ஊற்றிக்கொண்டாள். அந்த ஊரில் வந்தவளுக்கு நீட்டாமல் மாத்தே குடிப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். எர்சிலியா நின்றுகொண்டே இருந்தாள்.

"வாங்க சரித்திரம்" என்றாள் நில்தா. "இன்னும் எழுத மிச்சம் இருக்கா?"

"கூரைக்காகத்தான் நில்தா எழுதினேன். சத்தியமா."

"கூரை போட்டுக் குடுன்னு நான் உங்ககிட்ட வந்து நின்னனா அக்கா? ஒழுகற எடத்துல வாளி வெச்சிருக்கேன். வாளி யாருக்கும் கடுதாசி போடல."

"நாளைக்கு வர்ற ஆய்வாளர்கிட்ட நான் பேசறேன்."

"என்னன்னு? நாங்க இங்க இல்லேன்னா? துணி காயறதோட படம் எடுத்து அனுப்பியிருக்கீங்களே." நில்தா குடுவையைத் தரையில் வைத்தாள். "மாமனார் டிக்கெட் அறையிலதான் படுத்திருக்காரு. எந்திரிக்க முடியாது. வெளிய போடுன்னா இந்தப் பிளாட்பாரத்துலதான் கட்டிலைப் போடணும். வராத ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காருன்னு அதையும் எழுதிக்கோங்க. நல்லா இருக்கும்."

நில்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் வந்த ஆய்வாளர் இளம்பெண், கட்டடப் பொறியாளர், பெயர் எச்செனிக்கே. காலில் சேறு அப்பிய பூட்ஸ். கத்துகிறவளாக இருந்திருந்தால் பரவாயில்லை. இவள் மரியாதையாகப் பேசினாள், சண்டை பிடிக்க இடமே கொடுக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள், சரக்குக் கொட்டகையை அளந்தாள், கடைசியில், மனு போட்ட எர்சிலியா கூட நிற்க, வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நில்தா பெண்பிள்ளைகள் இரண்டையும் அன்று பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. தலை வாரி, பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள். உள்ளே அவள் மாமனார், கிழவர் பெர்மின், சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வந்தவள் அறை அறையாக அளந்தாள். அளவு நாடா உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

கதவோரம் எச்செனிக்கே நின்றாள். "இந்த இரும்புத் தடி என்ன?"

எர்சிலியா பார்த்தாள். கதவுக்குப் பின்னால், குறுக்கே போடுகிற தாழாகச் சாத்தி வைத்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் சிவப்பு. நுனியில் பித்தளைத் தகடு, அதில் இரண்டு ஊர்ப் பெயர்கள். டோக்கன் தடி. ஒற்றைப் பாதையில் இந்த ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே ஒரு தடிதான் இருக்கும், அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டான், அதனால்தான் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வந்ததில்லை. ஐந்து ஊரிலும் அவள் தேடியது இதைத்தான். பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான் என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

சொன்னால் பாதுகாக்க வேண்டிய பொருள் என்று அதற்கு நம்பர் போடுவார்கள். நம்பர் போட்ட பொருள் இருக்கிற வீட்டை அப்புறம் விடமாட்டார்கள்.

"தாழ்ப்பாள்" என்றாள்.

வந்தவள் நகர்ந்தாள். நில்தா அன்று முதல் தடவையாக எர்சிலியாவை நேராகப் பார்த்தாள்.

வெளியே காரருகில் எச்செனிக்கே தாழ்ந்த குரலில் பேசினாள். "அம்மா, ஆள் இல்லன்னு நான் எழுத முடியாது. கண்ணால பாத்துட்டேன். வீடு உங்க மனுவுல இருக்கிறவரை இது எங்க சட்ட இலாகாவுக்குப் போயே ஆகணும்."

"மனுவுல வீடே இல்லேன்னா?"

"இல்லேன்னா நான் அதைப் பாக்க வரல. தொட்டியும் கொட்டகையும் பாக்க வந்தேன், பாத்தேன், நோட்டீசைத் திரும்ப எடுத்துக்கலாம்னு எழுதுவேன். ஆனா வீட்டைப் பத்தி நீங்க அனுப்பினது எல்லாத்தையும் வாபஸ் வாங்கணும். படம், ஊர்க்காரங்க சொன்ன கதை, எல்லாமே. வேற எங்கயும் வெளியிடவும் கூடாது, யாராவது பாத்துட்டுக் கேட்டா மறுபடி ஆரம்பிக்கும். கூரைப் பணம் கொட்டகைக்குத்தான் வரும். நாளைக்கு யாராவது வீட்டை இடிச்சாலும் எங்களால தடுக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க நிறைய இருந்தது. காத்திருப்பு அறையில் பிரசவமான ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி, டிக்கெட் ஜன்னலில் கல்யாணம் பேசி முடித்த இருவர், கடைசி ரயிலன்று விளக்கை அணைக்க மறுத்தவர், எல்லாம் அந்த நான்கு சுவருக்குள் நடந்தவை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தொட்டியும் துருவும். சொன்னவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

"பேனா இருக்கா?" என்றாள். காரின் முன்மூடிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வெயிலில் தகரம் சுட்டது.

கார் போனபின் நில்தா பிளாட்பாரத்து விளிம்புக்கு வந்தாள். "என்ன ஆச்சு?"

"நோட்டீஸ் நின்னுரும். கொட்டகைக்குப் புதுத் தகரம் போடறாங்க."

"கொட்டகைக்கா? அதுல எலிதான குடியிருக்கு."

"ஆமா."

"எலிக்கு வந்த யோகத்தைப் பாரு." பிள்ளைகளைக் கை காட்டி உள்ளே போகச் சொன்னாள். பிறகு, "அந்தத் தடியைப் பாத்து ஏன் அப்படி முழிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்ல கனம்போல."

"நல்லாப் பூட்டும்" என்று சொல்லிவிட்டு நில்தா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுவருஷம் மாதா கோயில் கூடத்தில் எர்சிலியா கிளைப் பாதையின் படங்களை மாட்டினாள். பாலம், தொட்டி, கொட்டகை, போஸ் கொடுத்துச் சிரிக்கும் இரும்புக்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் ஒன்றும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள். தலைநகரிலிருந்து வந்த ஒருவர்தான் சுவரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "ஏம்மா, இந்த ஊர்ல ஸ்டேஷனே இல்லையா?" என்றார்.

"இருந்துச்சு" என்றாள் எர்சிலியா. "இந்தப் பக்கம் வாங்க, பாலத்தைப் பாருங்க."