கெலுகோர் டயர் கடையில் பனிக்காலம்

டயர் கடைக்குச் சிரித்துக்கொண்டே வந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நகைக் கடைக்குக் குடும்பத்தோடு போவார்கள், துணிக் கடைக்கு ஆசையோடு போவார்கள். எங்களிடம் வருபவர் மட்டும், டயரில் ஆணியைக் குத்தியதே நாங்கள்தான் என்பது போன்ற முகத்தோடு வருவார். பினாங்கில் கெலுகோர் பக்கம் என் வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருக்கிறார். அவர் வண்டிக்கு அடியில் கிடப்பார், நான் கவுண்டரில் உட்கார்ந்து வண்டிக்காரர்களிடம் பேச்சு வாங்குவேன். 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்று டயரைப் பார்த்துத் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்ளும் அன்பர்களே, இது நம் எல்லோருடைய கதையும்தான்.

சத்தம் போடாத காடி

எங்கள் ஊரில் காருக்குக் காடி என்று பெயர். முதன்முதலில் எங்கள் கடைக்கு வந்த பெரிய மின்சாரக் காடியை மறக்க முடியாது. கொண்டுவந்தவர் விக்னேஷ், பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினியர். ஆள் ஒல்லி, காடி பூதம். அடியில் முழுக்க பேட்டரி, கனம் இரண்டரை டன். பேட்டரியில் படாமல் ஜாக்கியை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் காடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் விக்னேஷே கைப்பேசியில் படம் பார்த்து இடத்தைக் காட்டினார்.

காடி இன்னும் புது வாசனை போகாமல் இருந்தது, ஆனால் நாலு டயரும் தேய்ந்துவிட்டன. அவ்வளவு கனத்தையும் சுமந்துகொண்டு, பச்சை விளக்கு விழுந்ததும் பாய்கிற வண்டிக்கு டயர் தேயத்தான் செய்யும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. டயரைத் தடவிப் பார்த்தார், காடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "காடி சத்தமே போடலையே அக்கா, டயர் எப்படித் தேயும்?"

பனிக்கே தாங்கும் டயர்

விலையைக் கேட்டுவிட்டு 'யோசிச்சுச் சொல்றேன்' என்று போன விக்னேஷ், அடுத்த வாரம் நாலு டயரோடு வந்தார். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததாம். பக்கவாட்டில் ஒரு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தது. பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கு மட்டும் மாட்டுகிற டயர் அது. நம் ஊருக்கு வேண்டாம் என்றேன். "பனிக்கே தாங்கும்னா நம்ம மழைக்குத் தாங்காதா அக்கா?" என்றார். தப்பான கேள்விதான், ஆனால் கேட்பதற்கு நியாயமாக இருந்தது. மாட்டிக் கொடுத்தோம்.

தீபாவளி கழிந்ததும் திரும்பி வந்தார். பினாங்குப் பாலத்தில் போகும்போது காடி ஆடுகிறதாம், வளைவில் கொழகொழவென்று இருக்கிறதாம். குளிரில் இறுகிப் போகக் கூடாது என்று மென்மையாகச் செய்த ரப்பர், எங்கள் ஊர்ச் சூட்டில் பள்ளிக்கூட அழிரப்பர் மாதிரி கரைந்திருந்தது.

அப்போது பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சுப்ரா அண்ணன். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். எதிர்ப்பக்கம் காப்பிக் கடை மரத்தடியில் தன் சின்னக் காடியை நிறுத்திவிட்டு, எங்களிடம் நடந்து வந்து அரட்டையடிப்பது அவர் வழக்கம். கடை வாசலிலேயே நிறுத்தலாமே என்றால், வெயிலில் பெயிண்ட் போய்விடும் என்பார். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளைக்காரனே நம்ம ஊரு வெயிலுக்கு உருகுறான் தம்பி, டயர் பாவம் என்னா செய்யும்?"

பூ இருக்கிறதா

சொல்லிச் சிரித்தவர், போகும்போது குனிந்து அந்த டயரில் இருந்த பூவை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் நாங்கள் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். அவருக்கு ஒரே மகள், ஷாமினி. கனடாவில் கல்கரியில் நர்ஸ். போன மாதம்தான் விக்னேஷுடையதைப் போலவே ஒரு கனத்த மின்சாரக் காடி வாங்கியிருக்கிறாள். அங்கே பனி தொடங்கிவிட்டது. "அந்தப் பூ போட்ட டயரு எம் மவ காடியில இருக்கான்னு கேக்கணும் தங்கச்சி. நான் கேட்டா திட்டுவா. நீங்க டயர்க் கடை, ஒங்களுக்கு மரியாதையா பதில் சொல்லுவா" என்றார்.

வீடியோவில் கூப்பிட்டோம். பூ இல்லை, காடியோடு வந்த, வருஷம் முழுக்க ஓட்டுகிற சாதாரண டயர்தான். "நாலு வீலும் இழுக்குற காடி ஆண்ட்டி, ரெண்டரை டன் கனம். ரோட்ட நல்லா புடிச்சிக்கும்லா" என்றாள் ஷாமினி. எனக்கு, மழை நாளில் பாலிக் பூலாவ் மலைப்பாதையில் மண் ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரிகள் ஞாபகம் வந்தன. நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு டயரை விட்டால் வேறு கதி கிடையாது, அதிலும் கனம் கூடக் கூட நிற்பது கஷ்டம். இதை நான் விலாவாரியாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "ஆண்ட்டி, நீங்க ஸ்னோ பாத்திருக்கீங்களா?"

ஐஸ் பெட்டி

பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பனி, ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தருகிற ஐஸ் கச்சாங்கோடு சரி. இருந்தாலும் டயர் என்று வந்துவிட்டால் சும்மா இருக்க எனக்கு வராது. விக்னேஷ் எங்கள் ஊர் டயருக்கு மாறியபோது கழற்றிப் போட்ட பனி டயரில் ஒரு துண்டு, சாதாரண டயரில் ஒரு துண்டு என் வீட்டுக்காரரை வெட்டித் தரச் சொல்லி, காப்பிக் கடை நடத்தும் காதர் நானாவிடம் கெஞ்சி, அவருடைய ஐஸ் பெட்டியில் வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தோம். சாதாரணத் துண்டு பலகையாக விறைத்துக் கிடந்தது. பனி டயர்த் துண்டு கையால் அமுக்கினால் இன்னும் அமுங்கியது.

சுப்ரா அண்ணன் அந்த இரண்டு துண்டையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். விறைத்த துண்டின் மேல்தான் தன் மகள் வேலைக்குப் போய் வருகிறாள் என்பது அவருக்கு அன்றுதான் கையில் தட்டுப்பட்டது. அந்தச் சோகத்தைக் கலைத்தவர் காதர் நானா: "தங்கச்சி, அந்தப் பெட்டியில இனிமே ஒண்ணும் வைக்காதீங்க, ஐஸ் எடுக்க வந்தவரு, 'கருப்பா இருக்கே, இது என்னா மீனு'ன்னு கேக்குறாரு."

ஒல்லிச் செருப்பு

அதிலிருந்து அண்ணன் தினமும் கல்கரியின் குளிர் எத்தனை டிகிரி என்று கைப்பேசியில் காட்ட ஆரம்பித்தார். மகளிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்பதை விட்டுவிட்டு 'டயர் மாத்திட்டியா' என்று கேட்டார். மாற்றினால் நல்ல அகலமான டயராகப் போடச் சொல்லுங்கள் என்று நானும் சொல்லி அனுப்பினேன். எங்களிடம் பிடிமானம் வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் அகலத்தைத்தான் கேட்பார்கள்.

ஷாமினி அங்கே கடையில் விசாரித்துவிட்டு நேர் எதிராகச் சொன்னாள். பனிக்குச் சின்ன ரிம்மும் ஒடுங்கிய டயரும்தான் நல்லதாம். அகலமான டயர் பனிக்கு மேலே மிதந்துகொண்டு போகும், ஒடுங்கியது பனியை வகுந்துகொண்டு கீழே தரையைப் பிடிக்கும். "அவ சொல்றதுதான் சரி" என்று வண்டிக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். என்னை மறுத்துப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம்தான் இவர். ஒடுங்கியதாக இருந்தாலும் அந்தக் கனத்தைத் தாங்குகிற டயரா என்று, பக்கவாட்டில் போட்டிருக்கும் சுமை எண்ணைப் பார்த்து வாங்கச் சொன்னேன். அதை ஒத்துக்கொண்டாள். ஆனால் இப்போது நேரமில்லை, ஷிப்டுக்கு மேல் ஷிப்ட், அடுத்த குளிருக்குப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டாள். அண்ணனுக்கு எதுவுமே ஒப்பவில்லை: "அவ்ளோ பெரிய ஒடம்புக்கு ஒல்லிச் செருப்பு. அதையும் அடுத்த வருசந்தான் போடுவாளாம்."

மரத்தடி

ஒரு நாள் காலையில் ஷாமினியே வீடியோவில் கடைக்குக் கூப்பிட்டாள். அப்பா பக்கத்தில் இல்லையே என்று முதலில் கேட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது சிவப்பு விளக்குக்குப் பிரேக் போட்டிருக்கிறாள். காடி நிற்காமல் சறுக்கிக்கொண்டே போய் நடுச் சந்தியில் நின்றிருக்கிறது. நல்ல வேளை, குறுக்கே யாரும் வரவில்லை. "டயர மாத்திடுறேன் ஆண்ட்டி. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.  பிறகு, "ஆமா, அப்பா காடி டயர் எப்படி இருக்கு? நீங்கதானே மாத்துறீங்க?" என்றாள். அண்ணன் எங்களிடம் ஒரு டயர்கூட வாங்கியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கைப்பேசியும் கையுமாக ரோட்டைத் தாண்டிப் போனேன். அண்ணன் அப்போதுதான் மரத்தடியில் காடியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். நாலு டயரும் போத்தாக். மலாயில் வழுக்கைத் தலைக்குச் சொல்கிற பெயரைத்தான் நாங்கள் தேய்ந்த டயருக்கும் வைத்திருக்கிறோம். பக்கமெல்லாம் வெடிப்பு வேறு. இந்த டயரோடு வாரா வாரம், கொட்டுகிற மழையிலும், பாலிக் பூலாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். பெயிண்ட் போய்விடும் என்று சொன்னதெல்லாம் எங்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான். எனக்கு வந்த கோபத்தில் கேமராவை டயருக்கு நேரே பிடித்தேன், கல்கரிக்குத் தெரியட்டும் என்று.

"நான் மெதுவாத்தானே ஓட்டுறேன்" என்றார் அண்ணன். பிறகு கைப்பேசிப் பக்கம் குனிந்து, "ஒனக்கு வயசு இருக்கு, வாழ்க்கை இருக்கு. எனக்கென்னம்மா, தனி ஆளு" என்றார்.  இணைப்பு போய்விட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். ஷாமினி அழுதுகொண்டிருந்தாள். "தனி ஆளுன்னா, அப்ப நான் யாருப்பா?"

எலுமிச்சம்பழம்

அதன் பிறகு அப்பாவும் மகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நீ மாற்றினால் நான், நீங்கள் மாற்றினால் நான் என்று கொஞ்சம் இழுபறி. கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாக என்று முடிவானது. எங்களுக்குச் சனிக்கிழமை காலை, அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஷாமினி மத்தியானமே மாட்டிவிட்டாள். கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோய் மலையையும் பூவையும் காட்டினாள். இங்கே என் வீட்டுக்காரர் அண்ணன் காடிக்கு நாலு புது டயர் மாட்டி இறக்கினார். புதுக் காடிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புது டயருக்கும் நசுக்கித்தான் ஆக வேண்டும், மகளும் நசுக்க வேண்டும் என்றார் அண்ணன். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து ஏற்றினார். எல்லாம் சாறாகிப் போயின, கடை வாசலே மணத்தது.

கல்கரியில் பழங்கள் காடிக்குள்ளேயே கிடந்து கல்லாக உறைந்துவிட்டன. இரண்டரை டன் ஏறி இறங்கியும் ஒன்றுகூட நசுங்கவில்லை. பனிக்குள் அமுங்கி, முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தன. அண்ணன் முகம் செத்துவிட்டது. இன்றைக்கு ஓட்டாதே என்றார். "பழம் நசுங்காட்டி என்னாப்பா, காடி நிக்கிதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை ரோட்டைப் பார்க்க ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். டயருக்குக் காற்றுப் பார்க்க வந்திருந்த விக்னேஷ், ஸ்பானரைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்காரர், எல்லோரும் கவுண்டரைச் சுற்றி நின்றோம். வைப்பர் பனியைத் தள்ளித் தள்ளி விட்டது. தூரத்தில் சிவப்பு விளக்கு. அண்ணனின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கும் கால் அழுத்தியது.

காடி வேகம் குறைந்து, கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. "இதே சிக்னல்லதான்பா அன்னிக்கு நிக்காம போச்சு" என்றாள் ஷாமினி. அண்ணனுக்கு அது புதுச் செய்தி. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்: "நின்னுருச்சு தங்கச்சி. பாத்தீங்கல்ல, நின்னுருச்சு."

இத்தனை வருஷ டயர் வியாபாரத்தில் நான் கண்ட பலன் என்னவென்றால், சுப்ரா அண்ணன் இப்போதெல்லாம் மரத்தடியை மறந்துவிட்டு, வேறு வண்டி உள்ளே நுழையவே முடியாதபடி எங்கள் கடை வாசலை மறித்துக் காடியை நிறுத்துகிறார், நாலு புது டயரும் பளபளப்பதைப் பார்த்துவிட்டு அதை எடுக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.