நால்வருக்கு ஒரு தாம்பாளம்

கனடாவின் லாசாலில் குடியிருக்கும் அப்துல் ரஹீம், மொன்றியல் துறைமுகத்துக்கு வரும் குளிரூட்டப்பட்ட கொள்கலன்களைப் பழுதுபார்ப்பவர். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் பிறந்தவர். தந்தை நாகூரிலிருந்து சென்ற தமிழர், தாய் ஜாவா வழிவந்த மலாய்ப் பெண். பேச்சைத் தந்தையிடமும் சமையலைத் தாயிடமும் பெற்றவர். இரண்டிலும் காரம் கூடுதல் என்பது மனைவி சபீனாவின் தீர்ப்பு.

தாயின் சமையலில் தலையாயது நாசி அம்பெங். ஜாவாவிலிருந்து கடல் கடந்து மலாய் நாட்டில் குடியேறியவர்கள் தம்முடன் கொண்டுவந்த விருந்துச் சோறு அது. தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, நடுவே வெண்சோற்றைக் குவித்து, சுற்றிலும் கோழிக் குழம்பு, வறுத்த தேங்காய்த் துருவல், பொரித்த கருவாடு முதலியவற்றை வைப்பார்கள். இறந்தோருக்காகத் துஆ ஓதியபின், நால்வர் அதைச் சுற்றி அமர்ந்து அவரவர் பக்கத்திலிருந்து கையால் உண்பார்கள். எஞ்சியதை இலையில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துச்செல்வார்கள். விருந்துக்கு வராதவருக்கும் அதில் பங்கு உண்டு.

தாய் மறைந்த நாளில் பனிப்புயலால் விமானங்கள் நின்றுபோயின. ரஹீமால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. விமான நிலையத்தில் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர், உடன் வேலைசெய்யும் மன்னார்க்காரர் கிறகரி. ஆகவே, ரமலானுக்கு முன்பு தாயின் பெயரால் விருந்து வைத்தபோது, தமக்கு எதிரே கிறகரிதான் அமரவேண்டும் என்று ரஹீம் விரும்பினார். பலர் கைவைக்கும் தட்டை அவர் அருவருப்பாரோ என்பது மட்டுமே கவலை. வெள்ளிக்கிழமை என்றார், கிறகரியும் யோசிக்காமல் ஓமென்றுவிட்டார்.

அன்று நண்பர்களான சரத்தும் அருமைராசாவும் மற்ற இரு பக்கங்களில் அமர்ந்தனர். சோற்றின்மேல் குழம்பு ஓடியது. கிறகரியின் கை மட்டும், ஈரம் படாத ஓரத்துப் பருக்கைகளைத் தேடி நின்றுநின்று நகர்ந்தது. ரஹீமின் முகம் வாடியது. வேறு தட்டு கொண்டுவரட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்றார் கிறகரி.

அடுக்களை வாசலில் நின்ற கிறகரியின் மனைவி மாக்கிரட்டுக்குப் பொறுக்கவில்லை.

"இது எங்கட தவக்காலம், ரஹீம் அண்ணை. வெள்ளிக்கிழமையில இவர் இறைச்சி தொடமாட்டார். சொன்னால் நீங்கள் மனம் நோவியள் எண்டு பேசாமல் இருக்கிறார்."

ரஹீம் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். புதிய இலை, புதிய சோறு. கோழி இருந்த இடத்தில் கருவாட்டுக் குவியலுடன் திரும்பினார். தம் பக்கத்தில் மட்டும் கோழியை ஒதுக்கியிருந்தால் போதுமே என்று கிறகரி கூசினார்.

"எங்கம்மா தட்டுல ஒருத்தருக்கு மட்டும் தனியா நோன்பு கிடையாதுலா. நீங்க சாப்பிடலன்னா யாருக்கும் கோழி இல்ல."

அருமைராசா அடுக்களைப் பக்கம் ஏக்கத்துடன் பார்த்தார். "நான் சைவசமயக்காரன், எனக்குத் தவக்காலமே இல்லை. கோழிக்கு நான் என்ன பிழை செய்தனான்?"

கிறகரி சிரித்துவிட்டார். அதன்பின் அவருடைய கை நிற்கவில்லை. அவர் பக்கத்துச் சோறுதான் முதலில் குறைந்தது.

விடைபெறும்போது ஆளுக்கொரு இலைப்பொதி கொடுக்கப்பட்டது. கிறகரியின் பொதி மற்றவற்றைவிடக் கனமாக இருந்தது. உள்ளே கோழியும் இருந்தது.

"நாளைக்கு சனிக்கிழமைதானே," என்றார் ரஹீம்.

மறுநாள் மதியம் கிறகரி தொலைபேசியில் அழைத்தார். ஒரு துண்டும் மிச்சமில்லை என்றும், ஆனால் உறைப்புக் கொஞ்சம் கூடிப்போனது என்றும் சொன்னார். அருகிலிருந்து கேட்ட சபீனா வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.