சட்டைப்பையில் வஞ்சிரம்

ஒரு புரோகிராம் ஓடி முடியுமா, முடியாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடும் புரோகிராமை எழுதவே முடியாது. வருஷாவருஷம் கல்லூரியில் இதை நடத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிறு மனைவியோடு தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போனேன். ‘வஞ்சிரம்தான் வாங்குவாள்’ என்று சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் ஒளித்துவைத்தேன். அவள் சங்கரா வாங்கினாள். எரிச்சலோடு சீட்டைக் காட்டினேன்.

“நீங்க வஞ்சிரம்னுதான் எழுதுவீங்கன்னு தெரியும். அதான் மாத்திட்டேன்,” என்று சிரித்தாள்.

நிரூபணமே அதுதான்! கணிப்பவனின் மூளையையும் உள்ளே வைத்திருக்கும் புரோகிராம், அவன் சொல்வதற்கு நேரெதிராகச் செய்துவிடும். மறுநாள் வகுப்பில் மீன் கதையைச் சொன்னேன், எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

“சார், அடுத்த வாரம் சங்கரான்னு எழுதுங்க, வஞ்சிரம் கெடைக்கும்,” என்றாள் ஒரு மாணவி.

எழுதினேன். மனைவி நண்டு வாங்கினாள்.