மாதிரி ஃபைலில் இருந்த நம்பர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலம். மும்பை செம்பூரில், திலக் நகரில் இருக்கும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன். அதுதான் என் பிழைப்பு.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ரிசல்ட் உயிருக்கு ஆபத்தான அளவில் வந்தால் டாக்டருக்கு எஸ்.எம்.எஸ். போகும். டாக்டரின் நம்பரை யாரும் கொடுக்கவில்லை என்றால், திரை சிவப்பாகி அப்படியே நின்றுவிடும். நோயாளியின் வீட்டுக்கு போன் செய்து சொல்லிவிட்டோம் என்று பதிவு செய்தால்தான் அடுத்த வேலைக்கு விடும். நாம் எதையும் தொடாவிட்டால் இப்படித்தான் நடக்கும்.

நான் சும்மா இருந்தேனா? கூடவே ஒரு மாதிரி ஃபைல் வந்திருந்தது. செட்டிங்குகளை எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காக எல்லா இடத்திலும் ஏதோ ஒன்றை நிரப்பி வைத்திருப்பார்கள். ‘அப்படியே பயன்படுத்த வேண்டாம்’ என்று முதல் வரியிலேயே இருந்தது. படித்தேன். எல்லோரும் செய்கிறதுதானே என்று அப்படியே காப்பி செய்து, லேபின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்!

மூன்றாவது வாரம் லேப் முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். போனபோது கவுன்டரில் ஒருவர் நின்றிருந்தார். தாராவியில் தோல் பெல்ட் பட்டறையில் வேலை செய்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த அவர் மனைவியின் ரத்தத்தில் பொட்டாசியம், இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே ரிசல்ட் வந்துவிட்டது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை; மறுநாள் காலை அந்த அம்மா இறந்துபோயிருந்தார்.

லேப்டாப்பைத் திறந்து செட்டிங்குகளைப் பார்த்தேன். டாக்டர் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போகும் மாதிரி நம்பர். இல்லாத அந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். போயிருக்கிறது. ‘தகவல் அனுப்பப்பட்டது’ என்று திரை பச்சையாகக் காட்ட, டெக்னீஷியன் அதை நம்பி அடுத்த சாம்பிளைப் பார்க்கப் போய்விட்டார். முதலாளியின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

“நாலு மணின்னு இதுலயே போட்டிருக்கே தம்பி. ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா? தூக்கிட்டு ஓடிருப்பேனே,” என்றார் அந்த அம்மாவின் கணவர். ரிப்போர்ட்டை என் பக்கம் நீட்டினார்.

“நெட்வொர்க் ப்ராப்ளம், அண்ணாச்சி,” என்று முதலாளி முந்திக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

அன்றே நம்பரை மாற்றினேன். நான் போட்டுக் கொடுத்த மற்ற லேப்களுக்கும் ஓடினேன்; இரண்டு இடங்களில் அதே நம்பர்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தாராவிக்குப் போய், பட்டறை வாசலோடு திரும்பிவிட்டேன். பயம்தான், வேறென்ன. இங்கே எழுதுவதும் பேர் போடாமல்தான்.

அந்த ஃபைலை நான் தொடாமலே இருந்திருந்தால் திரை சிவப்பாகியிருக்கும், அவர் வீட்டுக்கு போன் போயிருக்கும். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட ஓர் உயிர் தப்பியிருக்கலாம் என்கிற நினைப்பு, இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது வருகிறது.